சதுப்பை நிலமாக்கியவர் உரிமை: ஐபீரியச் சட்டமரபும் மும்பையும்

மும்பையின் நில உரிமை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியில் தொடங்கி, மாநகராட்சி வழியாக வந்து, குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையத்தில் முடிக்கின்றனர். இந்நகரின் மண்மீது முதலில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம் ஆங்கிலேயருடையது அன்று என்பது அந்த வரலாறுகளில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. 1534ஆம் ஆண்டு குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாய் (பஸ்ஸீன்) ஒப்பந்தத்தின் மூலம் வசாயையும் அதைச் சார்ந்த தீவுகளையும் போர்த்துகீசியரிடம் ஒப்படைத்தது முதல், 1665 பிப்ரவரியில் பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது வரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள் இங்கு நிலவியது ஐபீரியத் தீபகற்பத்தின் சட்டம். இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் பொதுவாகக் கொண்டிருந்த ஒரு பழைய மரபிலிருந்து கிளைத்த சட்டம். தாராவிக் குடிசைப் பகுதியின் மறுசீரமைப்பு தொடங்கிவிட்ட இவ்வேளையில் அந்த மரபை அறிந்துகொள்வது வெறும் வரலாற்று ஆர்வம் ஆகாது. வேறொருவர் பெயரிலுள்ள, எவருக்கும் பயன்படாத நிலத்தைத் தன் உழைப்பால் வாழத்தக்கதாக்கியவருக்கு அந்நிலத்தில் என்ன உரிமை என்ற கேள்விக்கு அந்த மரபிடம் தெளிவானதொரு விடை இருக்கிறது. அவ்விடைக்கு மிக நெருங்கிய ஒன்றை இந்நகரமே ஒருமுறை சட்டமாக ஏற்றும் இருக்கிறது.

ஸ்பெயினின் சட்டமரபு ரோமானியப் பேரரசின் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. ரோம் வீழ்ந்தபின் அத்தீபகற்பத்தை ஆண்ட விசிகோத் அரசர்கள் தொடக்கத்தில் தம் இனத்தாருக்கு ஒரு சட்டமும் ரோமானியக் குடிகளுக்கு வேறொரு சட்டமும் வைத்திருந்தனர் என்பது நெடுங்காலம் நிலவிவரும் கருத்து. எப்படியாயினும், 654ஆம் ஆண்டு அரசர் ரெக்கஸ்வின்த் வெளியிட்ட ‘லிபெர் யூதிசியோரும்’ என்ற சட்டநூல் இரு மக்களுக்கும் பொதுவாக அமைந்தது. 711இல் முஸ்லிம் படைகள் தீபகற்பத்தின் பெரும்பகுதியை வென்றன. வடக்கே ஒதுங்கிய சிறிய கிறித்தவ அரசுகள் படிப்படியாகத் தெற்கு நோக்கி நகர்ந்த அடுத்த சில நூற்றாண்டுகளில்தான் இக்கட்டுரைக்கு வேண்டிய முதல் கருத்து பிறந்தது. போரால் ஆளற்றுப்போன துவேரோ ஆற்றுச் சமவெளியில் குடியேற மக்கள் தேவைப்பட்டனர். ஆளில்லாத நிலத்தில் இறங்கி, காட்டை வெட்டி, உழுது, வீடு கட்டி நிலைத்த குடியானவருக்கு அந்நிலம் சொந்தமாகும் வழக்கம் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அங்கு வேரூன்றியது. ‘பிரெசூரா’ எனப்பட்ட இவ்வழக்கில் உரிமைக்கு அடிப்படை முன்கூட்டிய பத்திரம் அன்று. நிலத்தைப் பிடித்து அதில் உழைத்த செயலே அடிப்படை. அரசர் பின்னர் அதை உறுதிசெய்தார்.

இவ்வாறு உருவான ஊர்களுக்கு அரசர்கள் அளித்த உரிமைச் சாசனங்கள் ‘ஃபுவேரோ’ எனப்பட்டன. வரி எவ்வளவு, நீதிபதியை யார் தேர்வது, குடிவந்தவருக்கு என்ன பாதுகாப்பு என்பவற்றை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே வகுத்த இந்தச் சாசனங்களால் ஸ்பெயினின் சட்டம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1188இல் லெயோன் நகரில் கூடிய அவையில் நகரப் பிரதிநிதிகளும் இடம்பெற்றனர். ஐரோப்பிய நாடாளுமன்ற முறைக்கு எஞ்சியுள்ள மிகப் பழைய ஆவணச் சான்றாக யுனெஸ்கோ அதை 2013இல் பதிவுசெய்தது. இந்தப் பன்மையை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றவர் காஸ்டீலின் அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ. அவரது ஆதரவில் 1256 முதல் 1265 வரை தொகுக்கப்பட்ட ‘சியேட்டே பார்த்திதாஸ்’, அதாவது ஏழு பகுதிகள், ரோமானியச் சட்ட அறிவைக் கற்றோரின் இலத்தீனில் விடாமல் மக்கள் பேசிய காஸ்டீலிய மொழியில் தந்தது. அது உடனே நாட்டின் சட்டமாகிவிடவில்லை. 1348இல் அல்காலா நகரில் வெளியான அரசாணை, முதலில் அரசாணைகள், அடுத்து வழக்கிலுள்ள ஊர்ச் சாசனங்கள், இரண்டிலும் விடை கிடைக்காதபோது பார்த்திதாஸ் என்ற வரிசையை வகுத்தபின்னரே அது நீதிமன்றங்களில் முறையான இடம் பெற்றது.

பார்த்திதாஸ் வகுத்த இரு விதிகள் மும்பைக்கு மிக நெருக்கமானவை. முதலாவது, அனுபோகத்தால் வரும் உரிமை. நல்லெண்ணத்துடனும் முறையான ஆதாரத்துடனும் நிலத்தைப் பிடித்திருப்பவர் குறிப்பிட்ட ஆண்டுகளில் உரிமையாளர் ஆகிறார்; ஆதாரம் ஏதுமின்றியும் 30 ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தில் இருந்தவரை வெளியேற்ற முடியாது. இரண்டாவது, ‘எம்ஃபிதியூசிஸ்’ எனப்படும் நெடுங்குத்தகை. நிலத்தின் உரிமையை மேலுரிமை, பயனுரிமை என இரண்டாகப் பிரிக்கும் இம்முறையில், மேலுரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை மட்டும் பெறுகிறார். நிலத்தைத் திருத்திப் பயன்கொள்பவரோ அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், விற்கவும் செய்யலாம், விற்கும்போது விலையில் ஐம்பதில் ஒரு பங்கை மேலுரிமையாளருக்குத் தந்தால் போதும். இங்கே வாடகை செலுத்துவது பயனாளியின் உரிமையைக் குறைப்பதில்லை. அவ்வுரிமையை நிலைநிறுத்துவதே அதுதான். இந்த நுட்பத்தை வாசகர் நினைவில் இருத்த வேண்டும்.

இம்மரபைப் போற்றுவோர் அதன் கொடுமையையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆளற்ற நிலம் எனப்பட்டவற்றில் பல, பிறர் துரத்தப்பட்ட நிலங்கள். குடியானவரின் உழைப்பை மதித்த அதே அரசுகள் 1492இல் யூதர்களை ஸ்பெயினிலிருந்து விரட்டின. அமெரிக்கப் பழங்குடிகளைக் கட்டாய உழைப்பில் ஆழ்த்தின. சமய விசாரணை மன்றங்களை நிறுவி மனிதரை உயிரோடு எரித்தன. சலமன்கா பல்கலைக்கழகத்தில் 1539இல் பிரான்சிஸ்கோ டி வித்தோரியா, அமெரிக்க மக்கள் தம் நிலத்துக்குத் தாமே உண்மையான உரிமையாளர்கள் என்று வாதிட்டதும் இதே மரபுக்குள்தான். ஆயினும் அந்த வாதம் படைகளை நிறுத்தவில்லை.

ஸ்பெயினிலிருந்து இந்தச் சிந்தனை போர்ச்சுகலுக்குச் சென்ற வழி நேரானது. போர்ச்சுகல் அரசர் தினிஸ், பத்தாம் அல்ஃபோன்ஸோவின் பேரன். அவர் காலத்திலேயே பார்த்திதாஸ் போர்த்துகீசிய மொழியில் வழங்கத் தொடங்கியது. பயிரிடாமல் போட்டுவைத்த நிலத்தைப் பயிரிடுபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ‘செஸ்மரியாஸ்’ சட்டம் 1375இல் அங்கு வந்தது. பின்னர் 1580இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் போர்ச்சுகலின் முடியையும் சூடினார். 1581இல் தோமார் நகரில் கூடிய அவையில் போர்த்துகீசியச் சட்டங்களையும் பதவிகளையும் மாற்றுவதில்லை என அவர் உறுதியளித்ததால் காஸ்டீலின் சட்டம் அங்கு திணிக்கப்படவில்லை; ஆனால் அவர் தொடங்கிவைத்து, அவர் மகன் காலத்தில் 1603இல் வெளியான ‘ஓர்தெனாசோய்ஸ் ஃபிலிப்பினாஸ்’ என்ற பெருந்தொகுப்பு போர்ச்சுகலின் குடியியல் சட்டமாக 1867 வரை நீடித்தது. 1640இல் போர்ச்சுகல் மீண்டும் தனித்துச் செல்லும்வரை, மாஹிமில் வரி கட்டிய மீனவரும் செம்பூரில் நெல் விளைத்த குடியானவரும் மாட்ரிடில் இருந்த அரசரின் குடிகளாகவே இருந்தனர்.

மும்பையில் இச்சட்டம் இயங்கிய விதத்தைப் பார்க்க கார்சியா டி ஓர்டாவை எடுத்துக்கொள்வது பொருத்தம். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதப் பெற்றோருக்குப் போர்ச்சுகலில் பிறந்து, ஸ்பெயினின் சலமன்காவிலும் அல்காலாவிலும் மருத்துவம் பயின்று, 1534இல் கோவா வந்தடைந்த அவர், இந்திய மூலிகைகள் பற்றி 1563இல் அச்சான நூலால் புகழ்பெற்றவர். பம்பாய்த் தீவு அவருக்கு நெடுங்குத்தகையாக அளிக்கப்பட்டது. அரசருக்கு ஆண்டுத் தொகை செலுத்தினால் தீவின் விளைச்சலும் வருவாயும் அவருடையவை. பம்பாய் அடங்கிய போர்த்துகீசியரின் வட மாகாணத்தில் ஊர்கள் பெரும்பாலும் மூன்று தலைமுறை ஆயுளுக்கு, ஆண்டுத் தொகையும் போர்க்காலப் பணியும் நிபந்தனையாக வழங்கப்பட்டன. மஸ்காவ் ஒரு குடும்பத்துக்கு 1572இல் நிரந்தரமாகவே தரப்பட்டது. ஓர்டா 1568இல் இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து கோவாவின் சமய விசாரணை மன்றம், அவர் இரகசியமாக யூத சமயத்தைப் பின்பற்றினார் எனத் தீர்ப்பளித்து, அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது. நிலத்தில் அவருக்கு இருந்த உரிமையை மதித்த அதே சட்டம்தான் புதைகுழியில் அவருக்கு இருந்த உரிமையை மறுத்தது.

1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கைப்படி பம்பாய் இங்கிலாந்து அரசருக்குச் சீதனமாகப் போயிற்று. 1668இல் அவர் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கம்பெனியிடம் விட்டார். அதாவது கம்பெனியே இங்கு ஒரு குத்தகைதாரர். ஆளுநர் ஜெரால்ட் ஆஞ்சியர் 1672 ஆகஸ்ட் 1ஆம் தேதி போர்த்துகீசியச் சட்டம் முடிவுற்றது என்றும் இனி ஆங்கிலச் சட்டமே நடக்கும் என்றும் அறிவித்தார். ஆனால் நிலத்தில் கைவைக்க அவரால் முடியவில்லை. பழைய நிலவுடைமையாளர்கள் ஆண்டுக்கு 20,000 செராஃபின் நாணயங்களைக் கூட்டாகச் செலுத்த ஒப்புக்கொண்டு, 1674இல் உறுதியான உடன்பாட்டின்படி தம் நிலங்களைத் தக்கவைத்துக்கொண்டனர். நீதிமன்றத்தின் சட்டம் மாறியது. காலடி மண்ணின் சட்டம் பெரிதும் அப்படியே இருந்தது. மும்பைத் தமிழர் நாள்தோறும் கடக்கும் ஓர் எல்லை அக்காலத்தில் உருவானதுதான். மாதுங்காவும் சயானும் தாராவியும் ஆங்கிலேயர் பக்கம். மாஹிம் ஓடைக்கு அப்பால் குர்லாவும் செம்பூரும், சாஷ்டி (சால்செட்) தீவு மராத்தியர் வசமான 1737 வரை, போர்த்துகீசியர் பக்கம். அந்த எல்லையைக் காக்க ஆஞ்சியர் காலத்தில் எழுந்த சயான் கோட்டையும், 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் கட்டிய தாராவியின் காலா கில்லாவும் இன்றும் நிற்கின்றன. காலா கில்லாவின் சுவரை ஒட்டி இப்போது வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இரு சட்டங்களின் எல்லைக் காவல்நிலையம் அது என்பதை அங்கு வருவோருக்குச் சொல்லும் பலகை ஒன்றை வைப்பது மாநில அரசுக்குப் பெரிய செலவாகாது.

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வரலாம். தீவுகளுக்கு இடையில் கடல்நீர் ஏறி இறங்கிய உப்புச் சதுப்புகளில் கரை கட்டி, நீரை வடித்து, பயிர்செய்ய முன்வந்தவர்களுக்குக் கம்பெனி குறைந்த தொகைக்கு நிலம் விட்டது. அவர்கள் செலுத்திய தொகையும் அந்நிலமும் ‘ஃபோராஸ்’ என்ற போர்த்துகீசியப் பெயராலேயே வழங்கின. காமாட்டிபுரா அருகே அப்பெயரில் இருந்த சாலையை மும்பைவாசிகள் அறிவர். சதுப்பு நகரமாகி நிலத்தின் மதிப்பு ஏறியபோது, நிலம் யாருடையது, விட்டுக்கொடுத்த கம்பெனியுடையதா, வடித்தெடுத்தவருடையதா என்ற வழக்கு எழுந்து நெடுங்காலம் தீராதிருந்தது. 1851ஆம் ஆண்டின் ஆறாம் சட்டம் அதைத் தீர்த்தது. வரைபடத்தில் குறிக்கப்பட்ட ஃபோராஸ் நிலங்களில் கம்பெனிக்கு இருந்த உரிமையை நேரடியாக வாடகை செலுத்தி வந்தவருக்குச் சாதகமாக அச்சட்டம் அறவே நீக்கி, வழக்கமான தொகையை மட்டும் தொடர்ந்து கட்டினால் போதும் என்றது. ஒரு வணிகக் கம்பெனியின் அரசு, மதிப்பு ஏறிவிட்ட நகர நிலத்தில் தன் உரிமையைத் தானே எழுதிக்கொடுத்து விலகிய நிகழ்ச்சி இது. ஒரு குறை அதில் இருந்தது. கம்பெனியிடம் நேரடியாகப் பணம் கட்டியவரே உரிமை பெற்றார். அவருக்குக் கீழே சேற்றில் இறங்கி மண் சுமந்தவரும் பயிரிட்டவரும் பெறவில்லை.

உரிமையை இரண்டாகப் பிரிக்கும் பழைய முறை மாதுங்காவில் வேறு பெயரில் வாழ்கிறது. கிங் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல ‘பகடி’ முறையில் இருப்பவை: தொடக்கத்தில் ஒரு பெருந்தொகை, பிறகு மாதந்தோறும் மிகச் சிறிய வாடகை, மகனுக்கோ மகளுக்கோ தொடரும் குடியிருப்புரிமை, வேறொருவருக்கு மாற்றும்போது கட்டட உரிமையாளருக்கு வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு. எம்ஃபிதியூசிஸ் முறையில் ஐம்பதில் ஒன்றாக இருந்த பங்கு இங்கு மூன்றில் ஒன்றாகியிருக்கிறதே தவிர, கட்டமைப்பு ஒன்றுதான். பகடி ஐபீரியாவிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றில்லை. வாடகைக் கட்டுப்பாட்டின் நெருக்கடியில் நகரம் தானே கண்டுபிடித்த வழி அது. 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குற்றமாகக் கருதிய அந்தப் பணத்தை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நடுத்தர வகுப்பார் அரை நூற்றாண்டு கடைப்பிடித்த வழக்கத்துக்குச் சட்டம் வளைந்து கொடுத்திருக்கிறது.

ஐபீரியக் குடும்பச் சட்டமும் மும்பையை விட்டு முற்றாகப் போய்விடவில்லை. 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசியக் குடியியல் தொகுப்பு 1870 முதல் கோவாவில் நடைமுறைக்கு வந்து, கோவா இந்தியாவுடன் இணைந்த 1961க்குப் பிறகும் இந்தியச் சட்டமாக அங்கு நிலைத்துள்ளது. அதன்படி கணவன் மனைவியின் சொத்து பொதுவானது. பிள்ளைகளுக்குரிய பாதியைத் தந்தை உயில் எழுதியும் பறிக்க முடியாது. கோவாவைச் சேர்ந்த ஒருவர் 1951இல் பம்பாயில் வாங்கிய சொத்தை இளைய மகளுக்கு மட்டும் எழுதிவைத்த வழக்கில், சொத்து மும்பையில் இருந்தாலும் கோவாவின் சட்டமே பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பர் 13ஆம் தேதி தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பைப் பொதுக் குடியியல் சட்டத்துக்கான சான்றாகக் காட்டுவோர், அந்த மரபின் தாயகமான ஸ்பெயின் இன்றும் கட்டலோனியா, அரகோன், நவார்ரா, பாஸ்க் பகுதிகளின் தனிக் குடியியல் சட்டங்களை 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் காப்புடன் வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மணவாழ்வில் தேடிய சொத்தில் இருவருக்கும் சம பங்கு என்ற கொள்கையை யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையும் ‘தேடிய தேட்டம்’ என்ற பெயரில் அறிந்தேயிருக்கிறது.

தாராவிக்கு இவை அனைத்தும் எப்படிப் பொருந்துகின்றன? சயான், மாஹிம் கரைப்பாலங்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபின் ஓடையில் மண் படிந்து, கோளி மீனவரின் தொழில் நலிந்து, அவ்விடம் சதுப்பாயிற்று. நகருக்குள் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட தோல் தொழில் அங்கு வந்தது. அத்தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் வந்தனர். சவுராஷ்டிரத்துக் குயவர் கும்பார்வாடாவில் குடியேறினர். வந்தவர்கள் பெற்றது நிலம் அன்று, சேறு. மழைக்காலத்தில் இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் கட்டட இடிபாடு, சாம்பல், குப்பை, தேங்காய் மட்டை என்று கிடைத்ததைக் கொட்டி மிதித்துத் தரையாக்கியவர்கள் அவர்கள். 90 அடிச் சாலையின் இருபுறமும் இன்று தெரியும் கெட்டித் தரை ஒரு நூற்றாண்டு மனித உழைப்பின் விளைவு. துவேரோ சமவெளியில் நடந்திருந்தால் அது பிரெசூரா. 1851இல் நடந்திருந்தால் அது ஃபோராஸ். தாராவியில் நடந்ததால் அது ஆக்கிரமிப்பு எனப்படுகிறது.

இந்தியக் காலவரையறைச் சட்டப்படி அரசு தன் நிலத்தை மீட்க வழக்கிடும் காலம் 30 ஆண்டுகள். ஆனால் அனுபோகத்தால் உரிமை கோருபவர், உரிமையாளரை மறுத்து நிலத்தைப் பிடித்திருந்ததாகக் காட்ட வேண்டும். 1976இல் மும்பைக் குடிசைகளில் கணக்கெடுத்து ஒளிப்பட அடையாள அட்டை தரப்பட்டது. அட்டைதாரர் மாதந்தோறும் ஒரு கட்டணம் செலுத்தினார். அக்கட்டணம் கட்டியவர் நிலம் அரசுடையது என ஒப்புக்கொண்டவராகிறார். எனவே அவர் இருப்பைச் சான்றுரைக்கும் அதே காகிதம் அவர் உரிமையைத் தடுக்கிறது. பார்த்திதாஸ் முறையில் தவறாமல் தொகை கட்டியவர் பயனுரிமை பெற்றிருப்பார். இங்கு தவறாமல் கட்டியவர் உரிமை இழக்கிறார். ஒழுங்காக நடந்துகொண்ட ஏழையைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டை நியாயம் என எவரும் வாதிட முடியாது.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. வறட்சியால் சேலத்திலிருந்து 1961இல் வந்து, வில்லே பார்லேயில் நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே மனைவி மக்களுடன் வாழ்ந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரின் குடிசை 1981 ஜூலையில் இடிக்கப்பட்டு, குடும்பம் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டது. அவர் திரும்பி வந்தார். அவரும் பிறரும் தொடுத்த, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1985 ஜூலை 10ஆம் தேதி கூறியது. 20 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவையின்றி அகற்றக்கூடாது, அகற்றினால் மாற்றிடம் தர வேண்டும் என்றது. ஆனால் அது காப்பு, உரிமை ஆகாது. நடைபாதையில் இருப்பவரை முன்னறிவிப்புடன் வெளியேற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இப்போதைய மறுசீரமைப்பு விதிகளின்படி 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த கீழ்த்தளக் குடியிருப்பாளர் தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறுவார். அதற்குப் பின் வந்தவரும் மேல்தளத்தில் குடியிருப்பவரும் நகரின் வேறிடங்களில், விலைக்கோ வாடகைக்கோ, அமர்த்தப்படுவர். அந்த வேறிடங்களாகப் பேசப்படுபவற்றில் கிழக்குப் புறநகரின் உப்பளங்களும் உள்ளன. 1851ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறை இங்கே அப்படியே திரும்ப வந்திருக்கிறது: கட்டடம் தம் பெயரில் உள்ளவர் உள்ளே, அதே கட்டடத்தின் ஏணியேறி மாடியில் தைத்தும் தோல் வெட்டியும் வாழ்பவர் வெளியே. ஒரு நூற்றாண்டு உழைப்பை இனாமாகக் கருதி, இலவச வீடு என்று பெயரிட்டுத் திருப்பித் தருவதும் தவறு. அது இலவசம் அன்று. அவர்கள் உண்டாக்கிய நிலத்தின் மதிப்பில் ஒரு பகுதி.

மகாராஷ்டிர சட்டமன்றம் 1851ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாக எடுத்து, அதன் குறையை நீக்கி, தாராவியில் நெடுங்காலம் வாழ்ந்தும் உழைத்தும் வருபவருக்கு, தளம் எதுவாயினும், பெயரிட்ட பயனுரிமையைச் சட்டத்தால் வழங்க வேண்டும். வீடு அந்த உரிமையின் விளைவாக வர வேண்டுமே தவிர, அதற்கு மாற்றாக வரக்கூடாது. அதுவரை தாராவித் தமிழ்க் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டு அட்டை, கட்டணச் சீட்டுகள், பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என எது பரணில் கிடந்தாலும் எடுத்துப் படியெடுத்துப் பாதுகாக்கட்டும்; சயானிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களும் வழக்கறிஞர்களும், கட்டணம் கேளாமல், தெருவாரியாக அவற்றைத் தொகுக்க முன்வரட்டும்.